ஒட்டுவதெல்லாம் உசுப்புவதில்லை

"தடுப்பூசிக்கான துணுக்குகளைக் கணினி கண்டுபிடித்துவிட்டது" என்ற பாணியிலான தலைப்புகளை 2020 ஆம் ஆண்டிலிருந்து எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். செய்தி மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற உரிமையிற் சொல்கிறேன்: அவற்றுட் பல செய்தியல்ல, வெறும் எதிர்பார்ப்பு.

விடயம் இதுதான். வைரசினது அல்லது புற்றுநோய்க் கலத்தினது புரதம் கலத்தினுள்ளே சிறு துணுக்குகளாக வெட்டப்படுகிறது. பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலங்கள் நீளமான இத்துணுக்குகள் எச்.எல்.ஏ. எனும் மூலக்கூறில் ஒட்டிக் கலத்தின் மேற்பரப்பிற் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ரி கலம் அதனை அந்நியமென இனங்கண்டால் தாக்கும். ரி கலம் அந்நியப் பொருளைத் தனியே காண்பதில்லை, உடலின் சொந்த மூலக்கூறுடன் சேர்த்தே காண்கிறது என்று 1970களில் நிறுவிய பீற்றர் டொஹேட்டியும் றொல்ஃப் சிங்கர்னாகலும் 1996 இல் நோபல் பரிசு பெற்றனர்.

எந்தத் துணுக்கு எந்த எச்.எல்.ஏ. மூலக்கூறில் ஒட்டும் என்பதை இன்றைய நிரல்கள் நன்றாகவே ஊகிக்கின்றன. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுவது வேறு, உசுப்புவது வேறு. பத்திரிகை கடையிலே தொங்கினால் மாத்திரம் போதுமா? வாங்கி வாசிக்க ஒருவர் வரவேண்டாமா? துணுக்கை வாசிக்கவல்ல ரி கலம் உடலில் இருத்தல் வேண்டும். சொந்தப் புரதத்தைப் பெரிதும் ஒத்த துணுக்காயின், அதற்குரிய கலங்களிற் பல தைமசுச் சுரப்பியிலேயே அழிக்கப்பட்டிருக்கும்.

டெஸ்லா என்ற ஆய்வுக் கூட்டமைப்பு 2020 இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். தேர்ந்த குழுக்கள் பல, புற்றுநோயாளரின் கட்டித் தரவுகளிலிருந்து துணுக்குகளை ஊகித்தன. அவற்றுள் 608 சோதிக்கப்பட்டன. நோயாளரின் ரி கலங்கள் இனங்கண்டவை 37 மாத்திரமே. நூற்றுக்கு ஆறு!

அப்படியாயின் ஊகம் வீணா? இல்லை. ஆயிரக்கணக்கான துணுக்குகளைச் சோதிக்கத்தக்க சிலவாகக் குறைப்பது பெரும் உதவி. ஆனால் சோதனையின் சுமையைக் குறைக்குங் கருவியைச் சோதனைக்கே பதிலாக்குவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இன்னொன்று. நிரல்களுக்குப் பயிற்சியளித்த தரவுகளில் ஐரோப்பியரிடையே பரவலான ஏ 02:01 போன்ற வகைகளே நிறைந்துள்ளன. தெற்காசியர், ஆபிரிக்கர் ஆகியோரிடையே காணப்படும் பல வகைகளுக்குத் தரவு சொற்பம். தரவு மெலிந்த இடத்தில் ஊகமும் மெலியும். அந்த இழப்பு நம்மவரையும் சாரும்.

எனவே அடுத்த தலைப்பைக் காணும்போது, எத்தனை துணுக்குகள் ஊகிக்கப்பட்டன என்று கேளாதீர்கள். யாருடைய குருதியில் எந்த ரி கலம் விழித்தெழுந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையேல், ஊர்ஜிதமாகாத செய்தியென்று ஒதுக்கிவிடுங்கள்.