உப்பின்மேல் மிதக்கும் எங்கட கிணறு

தண்ணீரின் விசேட இயல்புகள் என்று விஞ்ஞானப் பாடத்தில் வந்தால், கூடவே ஓர் உதாரணமும் வரும். குளிர்நாட்டு ஏரி ஒன்று மேலே உறைந்துபோகும், அடியில் 4 பாகை செல்சியஸில் தண்ணீர் திரவமாகவே இருக்கும், மீன்கள் பிழைத்துக்கொள்ளும். நாங்களும் அதை எழுதி, புள்ளி வாங்கி, மறந்துபோனோம். உறைந்த ஏரியை எங்களில் ஒருத்தரும் கண்டதில்லை. நாங்கள் கண்டதெல்லாம் மீன் பெட்டிக்குள்ள கிடக்கிற ஐஸ்தான்.

அதே பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கட வளவுக்குள்ளேயே இருந்தது. அது கிணறு.

எழுவான்கரையை ஒருக்கா மேலே நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் 50 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் வாவி. மாரியில் வெள்ளம் வந்து சேர வாவியின் உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரத்தால் வந்த கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற உவர்ப்புக் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை என்று தெற்கே போகிற ஒடுங்கிய மணல் பட்டி. இரண்டு பக்கமும் உவர்நீர் கிடக்க, நடுவில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணி. முந்தி மணலைக் கையால் தோண்டி, பூவல் எடுத்துக் குடித்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது?

பதில் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1000 கிலோ. அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அந்த 25 கிலோ வித்தியாசத்தால், அடியில் கிடக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. மணல் நெருக்கமாக இருப்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதுமில்லை. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லைபோல அது நிலத்துக்குள் கிடக்கும். எழுவான்கரைக் கிணற்றுத் தண்ணி ஆற்றிலிருந்து வந்ததல்ல. போன மாரியில் பெய்த மழை அது, உப்பின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்பை அது அமுக்கி வைத்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டரால் விடாமல் இறைத்து நீர்மட்டத்தை 10 சென்றிமீற்றர் நிரந்தரமாகக் குறைத்தால், அடியிலுள்ள உப்பு 4 மீற்றர் மேலே வர இடம் கிடைக்கிறது. மண்ணின் அமைப்பையும் காலத்தையும் பொறுத்து இது கூடக் குறையலாம். ஆனால் மேலே கொஞ்சம் எடுக்க, கீழே பலமடங்கு ஏறும் என்பது மாறாது.

2004 சுனாமி இதை எங்களுக்குக் காட்டியது. கடல் ஏறிய இடங்களில் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போயின. துப்புரவாக்குகிறோம் என்று பல கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள் கண்டது வேறு: அளவுக்கு மீறி இறைப்பதால் பெரிய பலன் இல்லை, அடியிலுள்ள உப்பு மேலே வரவும் கூடும். கிணறுகளை மெல்ல மெல்லத் தேற்றியது மழைதான்.

இரண்டாவது இயல்பு, கரைக்கும் தன்மை. தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் சற்று எதிரேற்றம், ஐதரசன் பக்கம் சற்று நேரேற்றம். அதனால் உப்பு, சீனி என்று எத்தனையோ பொருட்களைப் பிரித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எங்கட இரத்தம் சத்துகளைக் காவிச் செல்வதும், களுதாவளை வெற்றிலைக் கொடி வேரால் உணவெடுப்பதும் இந்த இயல்பால்தான்.

ஆனால் தண்ணி ஆள் பார்த்துக் கரைப்பதில்லை. மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும், தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மணலுக்குள் நைத்திரேற்றாக மாறி, கரைந்து, கிணற்றுக்கு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக, மிச்சத்தில் அதன் செறிவு கூடும்.

"அதுதான் குழாய்த் தண்ணி வந்திட்டே, மறுகா என்ன?" என்று கேட்கலாம். எங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வீட்டுக்கு வந்தது பெரிய நிம்மதி, அதை மறுக்கவில்லை. ஆனால் குழாய் வந்த கையோடு கிணற்றைக் குப்பைக் குழியாக்குவதும், மூடிக் கொங்கிறீற் போடுவதும் எங்களுக்குப் பிழையாகப் படுகிறது. உன்னிச்சை படுவான்கரையில் இருக்கிறது. அந்தக் குளத்தை நம்பி அங்கே வயல்களும் இருக்கின்றன. ஒரு மழை பிழைத்து வரட்சி வந்தால், வயலுக்கா குடிக்கவா என்று இரண்டு கரையும் முகம் பார்க்க வேண்டிவரும். அந்த நாளில் எழுவான்கரைக்குக் கைகொடுக்க நிலத்துக்குள் ஒரு மிதக்கும் மழைநீர் இருக்க வேண்டாமா?

வீட்டளவில் செய்யக்கூடியது உண்டு. முழு வளவுக்கும் சீமெந்து போடாமல் கூரைத் தண்ணியை மணலுக்குள் இறங்க விடலாம். ஒரேயடியாக இறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரை ஒருதரம் பரிசோதிக்கலாம். ஆனால் பத்துப் பேர்ச் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் இருக்கிற குடும்பத்திடம் "குழியைத் தள்ளி வையுங்கோ" என்று சொல்வதில் ஞாயமில்லை. தள்ள இடம் எங்கே? நெருக்கமான ஊர்களுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டுக்கும் லைட்டுக்கும் அடுத்ததாக இதையும் நாம் கேட்க வேண்டும்.

அடுத்த மாரி தொடங்கமுன் உங்கட கிணற்றை ஒருக்கா எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் எந்த வளையத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். மழை ஓய்ந்ததும் திரும்பப் பாருங்கள். எத்தனை வளையம் ஏறியது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.