நாட்டின் எண்ணெய்க் கிணறும் நமது கல்லாப் பெட்டியும்



லாரி வாடகை ஏறினால் உடனே சங்கத்துக்குப் போன் வருகிறது. டீசல் விலையைத் திட்டுகிறோம். ஆனால் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் கம்பெனியின் பேரேட்டை நம்மில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பருப்பு வியாபாரிக்கு அது எதற்கு என்று கேட்கலாம். மூட்டை லாரியில்தானே வருகிறது!

ஓ.என்.ஜி.சி. 1956இல் ஒரு ஆணையமாகத் தொடங்கியது. அப்போது அஸ்ஸாமைத் தவிர நாட்டில் வேறெங்கும் எண்ணெய் எடுக்கப்படவில்லை. 1960இல் குஜராத்தின் அங்கலேஷ்வர், 1974இல் பம்பாய்க் கடல் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். நம் காவிரிப் படுகையில் நரிமணம் வரை வந்தார்கள். 1993இல் ஆணையம் கம்பெனியாயிற்று. 2001இல் ரஷ்யாவின் சகலின் தீவில் 20 சதவீதப் பங்கு, 2003இல் மங்களூர் சுத்திகரிப்பு ஆலை. ஒரு கடை நாலு கிளையாவது போன்ற வளர்ச்சி. இதுவரை குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

2018 ஜனவரியில் நடந்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் மத்திய அரசுக்கு இருந்த 51.11 சதவீதப் பங்கை ஓ.என்.ஜி.சி. ரூ.36,915 கோடி கொடுத்து வாங்கியது. அரசு பட்ஜெட்டில் போட்டிருந்த பங்கு விற்பனைக் கணக்கு நிறைவேறியது. விற்றவர் அரசு. வாங்கிய கம்பெனியிலும் பெரும்பங்கு அரசுடையதே. அதுவரை கடன் இல்லாதிருந்த கம்பெனி, இந்தத் தொகையில் பெரும்பகுதியைக் கடனாக வாங்கிக் கட்டியது.

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் இதே போல் ஒன்று நடந்தது. பெரியப்பாவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. தன் பெயரில் இருந்த எண்ணெய்க் கடையைப் பருப்புக் கடைக்கு விற்றார். இரண்டும் குடும்பக் கடைதான். பருப்புக் கடை வட்டிக்கு வாங்கிப் பணம் கொடுத்தது. வீட்டில் ஒரு மூட்டை சரக்குகூடக் கூடவில்லை. அடுத்த அறுவடையில் துவரை மலிவாக வந்தபோது கொள்முதலுக்குக் கையில் முதல் இல்லாமல் நின்றோம். அப்போது நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வந்த தரகரைத் திருப்பி அனுப்பியது இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இத்தனை கோடி கொடுத்து வாங்கிய பிறகும், உரிமையாளர் இடத்தில் ஓ.என்.ஜி.சி.யின் பெயரை எழுத இந்துஸ்தான் பெட்ரோலியம் 2019 ஆகஸ்ட் வரை மனம் வைக்கவில்லை. கடை வாங்கியவன் பெயரைப் பலகையில் எழுத ஒன்றரை வருடம்!

பங்குதாரர் லாபத்தில் பங்கு கேட்பது நியாயம். அரசு லாப ஈவு கேட்கட்டும், வரி கேட்கட்டும். 2022 ஜூலையில் உலக விலை ஏறியபோது கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு ரூ.23,250 கூடுதல் வரி போட்டார்கள். பிறகு கூட்டிக் குறைத்து, 2024 டிசம்பரில் எடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, வந்த லாபத்தில் எடுத்தது. முதலில் கை வைப்பது வேறு. பம்பாய்க் கடல் கிணறுகள் பழைய கிணறுகள், ஊற்று குறையும். புதிதாகத் தோண்டினால்தான் உற்பத்தி நிற்கும். தோண்டும் பத்துக் கிணற்றில் சில வறண்டும் போகலாம், அதைத் தாங்கக் கையிருப்பு வேண்டும். கம்பெனி பின்னாளில் கடனைக் குறைத்துவிட்டது, உண்மை. ஆனால் கடன் அடைக்கப் போன பணம் கிணறு தோண்டவில்லையே.

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. அதனால்தான் எங்கோ சண்டை என்றால் நம் ஊர் லாரி ஆபீசில் வாடகைச் சீட்டு மாறுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கு முன் நமது சங்கம் வரி பற்றி மனு அனுப்புகிறது. அரசுக் கம்பெனிகள் ஒன்றையொன்று கடன் வாங்கி விலைக்கு வாங்கக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம்.