சாம்பல் யார் நெற்றிக்கு?

சாம்பல் புதன் வந்தால் கடலூர் தேவாலயங்களிலிருந்து நெற்றியில் சாம்பலோடு ஆட்கள் வெளியே வருவார்கள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல். தமிழ்க் கத்தோலிக்கர் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயரே 'திருநீற்றுப் புதன்'. பக்கத்திலே சிதம்பரத்தில் தினமும் திருநீறுதான். ஆக, இந்த மாவட்டத்தில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் ஆளில்லை!

தவக்காலம் 40 நாள். கறி சாப்பிடுவதில்லை, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, பிறகு பாவசங்கீர்த்தனம். எல்லாம் சரி... மன்னிப்பை யாரிடம் கேட்பது? சாமியாரிடம், காதோடு காதாக. அடி வாங்கியவனுக்கு அது தெரியவே தெரியாது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது வேறு: காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு, முதலில் மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வா. அதாவது பூசைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

இனி 2008க்கு வருவோம். அந்த வருடம் சாம்பல் புதன் பிப்ரவரி 6. புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரிலும் (அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி) தவக்காலம்தான். ஒரே கோயிலில் சமமாக நடத்தவில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மார்ச் 9, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. வன்னியர் கிறிஸ்தவர்களோடு மோதல், தலித் வீடுகள் மீது தாக்குதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, 2 பேர் பலி. சாம்பல் பூசி 32 நாள்தான் ஆகியிருந்தது!

இது ஏதோ ஒரு ஊர்ச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளேயே தலித் மக்களைப் பிரித்து வைத்த சுவரையும், அதை இடிக்க நேர்ந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745லேயே நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டார். சுவர் போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் எறையூர் நடந்தது.

"ஆன்மிகத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். இழுத்தது யார்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ல் வெளியிட்ட தலித் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதையும் அது பாவம் என்பதையும் ஒப்புக்கொண்டது. பாவம் என்றால் தவக்காலத்தில் பேசாமல் வேறு எப்போது பேசுவது?

சிதம்பரத்துக் கதையும் இதைத்தான் கேட்கிறது. பெரியபுராணத்தில் நந்தனார் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது. தள்ளி வைத்தது ஊர், தீக்குளித்தது நந்தன். சுத்தமாக வேண்டியது யார்? அதே சிதம்பரத்தில் 1916ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். தலித் பிள்ளைகளுக்குப் படிப்புக் கிடைத்தது. புதுவாழ்வு என்றால் அப்படிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சாம்பல் புதனின் நல்ல விஷயம், அது பாதிக்கப்பட்டவனை நெருப்பில் இறக்குவதில்லை. தப்பு செய்தவன் தலையைக் குனியச் சொல்கிறது. ஆனால் குனிந்து எழுந்த பிறகு என்ன செய்கிறான்? லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு மனம் மாறியதோடு நிறுத்தவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவ்வளவு வேண்டாம். கல்லறைத் தோட்டம் ஒன்றாகட்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். மேல்சாதிப் பங்கு மக்கள் தலித் தெருவுக்குப் போய், வாசலில் நின்று, வாய் திறந்து மன்னிப்புக் கேட்கட்டும்.

அதற்கு மனசில்லை என்றால், அடுத்த வருடம் குருத்தோலையை எரிக்காமலே விட்டுவிடலாம்.