ஊசி ஆடினால் போதுமா?

பழைய ஜீப், லேண்ட் ரோவர் வைத்திருக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "டைனமோவைக் கழற்றிட்டு ஆல்டர்நேட்டர் மாட்டியாச்சு, இனிக் கவலையே இல்ல" என்பார்கள். டேஷ்போர்டில் இருக்கும் ஆம்மீட்டரை என்ன செய்தீர்கள் என்றால், "அது பாட்டுக்கு இருக்கு" என்று பதில். அப்படி விட்டு வைப்பதுதான் ஆபத்து என்று எத்தனை தடவைதான் சொல்வது!

அது ஓரமாக நின்று கணக்குப் பார்க்கும் மீட்டர் இல்லை. ஸ்டார்ட்டருக்குப் போவது தவிர, பேட்டரிக்குள் ஏறுவதும் இறங்குவதும் அதற்குள் புகுந்துதான் போகவேண்டும். லூகாஸ் சி40 டைனமோ மொத்தமே 22 ஆம்பியர்தான் தரும். இரண்டு பக்கமும் 30 வரை காட்டும் மீட்டர் அதற்குத் தாராளம். இப்போது மாட்டுவதோ 65 ஆம்பியர் ஆல்டர்நேட்டர். கரண்ட் மூன்று மடங்கானால் அதே ஒயரில் சூடு ஒன்பது மடங்கு. பேட்டரி இறங்கிப்போய், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற அன்றைக்குத்தான் அது முழு வேகத்தில் பாயும். பல பழைய வண்டிகளில் அந்த ஒயருக்கு ஃபியூஸும் கிடையாது.

என் ஜீப்பில் மீட்டரை வெளியே இழுத்துப் பார்த்தேன். பின்னாலுள்ள பித்தளை போல்ட் கறுத்துக் கிடந்தது. நட்டு கையாலேயே சுற்றியது. ஒயரின் மேலுறை தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஆல்டர்நேட்டரை மாட்டிய எலக்ட்ரீஷியனிடம் காட்டினால், "ஊசி ஆடுதுல்ல சார், அப்புறமென்ன?" என்கிறார். இன்னொருவர் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு, மீட்டரைச் சும்மா விட்டுவிடலாம் என்கிறார். அப்புறம் சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று யார் சொல்வது?

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக, குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். டேஷ்போர்டில் வோல்ட்மீட்டர். நிற்கும் வண்டியில் 12.6, ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் எல்லாம் சரி. ஆம்மீட்டர்தான் வேண்டுமென்றால் ஷன்ட் வைத்தது கிடைக்கிறது. பெரிய கரண்ட் பானட்டுக்குள்ளேயே நின்றுவிடும், மெல்லிய ஒயர் மட்டும் டேஷ்போர்டுக்கு வரும்.

பெயின்டுக்கும் சீட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். இரண்டு மீட்டர் ஒயருக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஆல்டர்நேட்டர் மாட்டுகிற அண்ணன்மார்களே, அந்த ஒயரையும் மாற்றாமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.