சுழியமும் ஒரு விடையே

செயற்கூறுகளை, அளபுரு பெறுதல், மதிப்புத் திருப்புதல் ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தி விளக்குக. சி மொழி கற்பிக்கப்படும் கல்லூரிகளில் இவ்வினாவோ இதன் உடன்பிறப்போ ஆண்டுதோறும் தேர்வுத்தாளில் தலைகாட்டும். மாணவர் நான்கு வகைகளையும் எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களைக் கூட்டும் நிரலொன்றைச் சேர்ப்பார். முழு மதிப்பெண் பெறுவார்.

இவ்வினாவை அடியோடு நீக்க வேண்டும் என்பதே என் வாதம். செயற்கூற்றின் புறவடிவை எண்ணச் சொல்லும் இது, அது திருப்பும் மதிப்பு அழைத்தவருக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதே இல்லை.

அழைத்தவர் அந்த மதிப்பை வாங்காமலே போகலாம், மொழி தடுக்காது. நம் ஆய்வகக் குறிப்பேடுகளில் 'ஸ்கேன்எஃப்' இல்லாத நிரல் அரிது. வெற்றிகரமாக எத்தனை மதிப்புகளை வாசித்தது என்பதை அது ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்கிறது. அதைக் கேட்கும் குறிப்பேடு ஒன்றையாவது கண்டவர் கூறுங்கள். எண் கேட்ட இடத்தில் பயனர் எழுத்தைத் தட்டினால், மாறியில் முன்பு கிடந்த குப்பையே கூட்டப்பட்டு விடையாக அச்சாகும்.

'கெட்கார்' இன்னும் நல்ல பாடம். ஓர் எழுத்தை வாசிக்கும் செயற்கூறு ஏன் 'கார்' வகையைத் திருப்பாமல் 'இன்ட்' வகையைத் திருப்புகிறது? ஒரு பைட்டில் அடங்கும் 256 மதிப்புகளும் மெய்யான தரவாக வரக்கூடியவை. 'கோப்பு முடிந்தது' என்று சொல்ல அவற்றுக்கு வெளியே ஓர் எண் வேண்டும். அதை 'கார்' மாறியில் திணிப்பவரின் நிரல், ஒரு கணினியில் கோப்பின் நடுவிலேயே நின்றுவிடும். வேறொரு கணினியில் முடிவின்றிச் சுழலும். நான்கு வகைகளை ஒப்பிக்கும் மாணவருக்கு இதற்குக் காரணம் தெரியாது. கேட்கப்படாததை அவர் ஏன் படிக்க வேண்டும்?

விடைக்கும் விடையின்மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை விளக்கக் கோலார் தங்கவயலில் வெளியூர் உவமை தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்குள்ள சுரங்கங்களில், தரைக்கு 2 கி.மீ.க்கும் கீழே, மியூவான்களை எண்ணினர். மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எண்ணியும் கிடைத்தது சுழியம். கருவி பழுதானதால் வந்த சுழியமா, துகள் வராததால் வந்த சுழியமா என்று பிரித்தறியாவிட்டால் அவ்வெண்ணுக்குப் பொருளே இல்லை. துகள் வராத சுழியம் என்று கொண்டதால்தான், நியூட்ரினோவைத் தேட ஏற்ற அமைதி அங்கு உண்டு என்று துணிந்தனர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தையும் கண்டனர்.

அந்தப் பகுப்பைத் தவறவிட்டால் என்ன நேரும்? 2009 ஜனவரியில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் எச்சரிக்கையைப் பாருங்கள். மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூறு, கையொப்பம் சரியென்றால் 1, தவறென்றால் 0, சரிபார்ப்பே பழுதுபட்டால் -1 திருப்பும். அழைத்த நிரல்கள் சிலவோ சுழியமா இல்லையா என்று மட்டுமே பார்த்தன. சி மொழியில் சுழியமல்லாதது எல்லாம் மெய். ஆகவே சிதைந்த கையொப்பம் செல்லத்தக்க கையொப்பமாகிவிட்டது. இணைய உரையாடல்களைக் காக்கும் மென்பொருளில், தேர்ந்த கைகள் எழுதிய நிரலில் நேர்ந்த பிழை இது.

சி பழையது, பைத்தான் போதும் என்போர், பரவலாகப் புழங்கும் பைத்தானே சி மொழியில்தான் எழுதப்பட்டுள்ளது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இன்னொரு மறுப்பு எனக்குச் சினமூட்டுவது: சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுட்பம் ஏறாது, தேர்ச்சி பெறட்டும், போதும் என்னும் கரிசனம். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் பெங்களூரு ரயிலை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறும் பிள்ளைக்கு வேலை தரும் நிறுவனம் நான்கு வகைகளைக் கேட்கப் போவதில்லை; அவர் எழுதிய நிரல் ஏன் நள்ளிரவில் நின்றது என்றே கேட்கும். எளிமை என்ற பெயரில் அவரிடமிருந்து பாடத்தையே எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணை மட்டும் தருவது கரிசனமன்று.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்போருக்கு ஒரு மாற்று வினா: 1, 0, -1 ஆகிய மூன்றில் ஒன்றைத் திருப்பும் செயற்கூறு கீழே தரப்பட்டுள்ளது, அதை அழைக்கும் நிரலின் பிழையைக் கண்டறிந்து திருத்துக. இதற்கும் அதே மதிப்பெண் தரலாம்.