வெறும் எழுத்தாக வாசித்தால் எமது ஆவணங்களில் மிஞ்சுவது என்ன?

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், 2009ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் இரு கண்களையும் இழந்தவர். காணாமல் ஆக்கப்பட்ட தனது தம்பி தொடர்பான அறிவித்தல் ஒன்றை இணையத்தளத்தில் தானே வாசிக்க விரும்பினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டும்தான். ஆனால், "எல்லாத்தையும் அந்தப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்க ஏலாது தம்பி. சில விசயம் எங்களோடயே இருக்கவேணும்" என்றார்.

அவரது மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழையும் வாசிக்கும். ஆனால் அன்று அது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளையே ஒப்புவித்தது.

காரணத்தை அறிய, அதே பக்கத்தை லின்க்ஸ் உலாவியில் திறந்தேன். படம், நிறம், எழுத்துரு எதையும் காட்டாமல் வெறும் எழுத்தை மட்டும் காட்டும் உலாவி இது. 1992இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. ஒரு பக்கத்தின் அலங்காரத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லும்.

உள்ளே தமிழ் இருக்கவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பக்கம் அது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். கண்ணுக்கு மட்டுமே அது தமிழ். கீழே இணைத்திருந்த படிவமோ நிழற்படம். அதில் எழுத்தே இல்லை.

1987இன் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் அறியும் உரிமையைத் தந்தது. ஆனால் போரில் கண்ணை இழந்தவர், போர் பற்றிய ஆவணத்தையே வாசிக்க முடியாதென்றால் அந்த உரிமை யாருக்கானது? யுனிகோட் முறையில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று இனிச் சாட்டுச் சொல்ல முடியாது.

குறை முழுவதும் பக்கங்களை அமைப்பவர்களிடம் மட்டும் இல்லை. எழுத்துவழி உலாவிகள் இயங்கும் திரைகள் ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்டவை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அவற்றின் கணக்கு. 'கொ' என்பதை யுனிகோட் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. கண்ணுக்கோ அது மூன்று துண்டாகத் தெரிகிறது. இதனால் பல திரைகளில் கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, வரியும் குழம்புகிறது. இந்த வழுவைத் தமிழ் தெரியாத ஒருவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவருக்கு அது பிழையாகவே தெரியாது.

இங்கேதான் திறந்த மூல மென்பொருளின் பெறுமதி இருக்கிறது. நிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்தச் சொல், எப்படித் தெரிய வேண்டும், எப்படித் தெரிகிறது என்ற நான்கையும் தெளிவாக எழுதி அனுப்பினாலே திருத்தத்தின் பாதி முடிந்துவிடும். மீதியை நிரல் தெரிந்த எவரும் செய்யலாம். அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை என்ன?

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். கம்பனி வந்து திருத்தித் தரும் என்று வன்னி அன்று காத்திருக்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் மென்பொருளுக்கும் பொருந்தும்.

அதற்கு முன் எமது முற்றத்தையும் கூட்ட வேண்டும். அறிக்கைகளையும் கடிதங்களையும் படம் பிடித்து அப்படியே பதிவேற்றும் பழக்கம் தமிழ்ச் செய்தித் தளங்களிடமும் சங்கங்களிடமும் உண்டு. நானும் செய்திருக்கிறேன். சோதிப்பது மிக எளிது. பக்கத்தில் ஒரு வரியைப் பிரதி செய்து கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தியாக ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது தமிழ். வராவிட்டால், கண்ணிழந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் வெற்றுத் தாள்.

அந்த அறிவித்தலை அன்று நானே யுனிகோட்டில் தட்டச்சிட்டுக் கொடுத்தேன். அவர் காதணியை மாட்டிக்கொண்டு தனியே கேட்டார். கேட்டு முடித்ததும், அதில் என்ன இருந்தது என்று என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.