ஓர் அறையும் ஒரு கட்டிலும்

ருஷ்யக் கதைகளில் வரும் மனிதர்களின் கனவுகள் பலவிதமானவை. நிக்கொலாய் கோகொல் 1842 இல் வெளியிட்ட 'மேலங்கி' கதையில் வரும் ஏழை எழுதுவினைஞர், மாலைத் தேநீரை விட்டு, மெழுகுதிரி கொளுத்தாமல், சப்பாத்து தேயாதபடி மெல்ல மெல்ல நடந்து காசு சேர்க்கிறார். எதற்கு? குளிருக்கு ஒரு புதுக் கோட்டு வேண்டும் என்பதற்காக. சிறிய ஆசைதான். ஆனால் அந்த ஆசையே சில மாதங்கள் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது.

இம்முறை நான் சொல்ல விரும்புவது அன்ரன் செக்கோவின் 'மூன்று சகோதரிகள்' நாடகம் பற்றி. 1901 இல் மொஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஒல்கா, மாஷா, இரீனா என்ற மூவரும் மொஸ்கோவில் பிறந்தவர்கள். இராணுவ அதிகாரியான தகப்பனாரோடு பதினொரு வருடங்களுக்கு முன் தூரத்து ஊரொன்றுக்கு வந்தவர்கள். தகப்பனார் இறந்துவிட்டார். இனி மொஸ்கோவுக்குத் திரும்பிப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்களின் கனவு. நான்கு அங்கங்கள் முடிந்தும் அவர்கள் போகவில்லை. நால்வருக்கும் சொந்தமான வீட்டைச் சகோதரன் அந்திரேய் தன் சூதாட்டக் கடனுக்காக, சகோதரிகளை ஒரு வார்த்தை கேளாமல் வங்கியில் ஈடு வைத்துவிடுகிறான். (இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.)

செக்கோவுக்கும் இந்த ஏக்கம் தெரியும். காசநோய் காரணமாக அவர் 1899 இல் தெற்கே யால்ட்டாவில் குடியேற நேர்ந்தது. அவர் நேசித்த நடிகை ஒல்கா நிப்பர் மொஸ்கோவில் இருந்தார். இந்த நாடகத்தில் மாஷாவாக நடித்தவரும் அவரே.

நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மொஸ்கோவைப் பற்றியே பேசுவார்கள். என் மனதில் நிற்பவர்கள் வேறு இரண்டு பெண்கள்.

இருபது வயது இரீனாவின் இன்னொரு கனவு, வேலை செய்வது. மத்தியானம் எழும்பிப் படுக்கையிலேயே கோப்பி குடிக்கும் பெண்ணாக இருப்பதைவிட உழைக்கும் மாடாக இருப்பது மேல் என்கிறாள். தந்திக் கந்தோரில் வேலையும் கிடைக்கிறது. இரண்டாம் அங்கத்தில் களைத்து வீடு வருகிறாள். அன்று ஒரு பெண் வந்தாளாம். அவளுடைய மகன் அன்றுதான் இறந்திருக்கிறான். சரத்தோவில் இருக்கும் தன் சகோதரனுக்கு அறிவிக்க வேண்டும். விலாசம் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் விலாசம் இல்லாமல், வெறுமனே சரத்தோவுக்கு என்று தந்தி கொடுத்துவிட்டு அழுதுகொண்டு போனாளாம். அவளிடம், எனக்கு நேரமில்லை என்று காரணமின்றிச் சினந்து விழுந்ததை இரீனாவே சொல்லி வருந்துகிறாள்.

அந்தத் தாய் மேடைக்கு வருவதே இல்லை. செக்கோவ் அவளுக்குப் பெயரும் வைக்கவில்லை. வொல்கா நதிக்கரையிலுள்ள அந்தப் பெரிய நகரத்தில் தந்தி யார் கையில் சேர்ந்தது என்றும் சொல்லவில்லை. கோவையைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய நமக்குக் கருமபீடத்தின் இந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். கனவு கண்டு வேலைக்கு வந்த ஒருத்தி அந்தப் பக்கத்தில் இருந்து களைத்துப் போவதையும் செக்கோவ் காட்டுகிறார். அதற்காக இரீனாவை நான் முழுவதும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

மற்றவள் அன்பீசா. முப்பது வருடங்களாக அந்த வீட்டில் இருக்கும் ஆயா; வயது எண்பது. மூன்றாம் அங்கம் ஊரில் தீப்பற்றிய இரவில் நடக்கிறது. எரிந்த வீடுகளின் சனங்களுக்குக் கொடுக்க ஒல்கா அலுமாரியிலிருந்து உடுப்புகளை அள்ளி அள்ளி ஆயாவின் கையில் கொடுக்கிறாள். களைத்துப்போன ஆயா ஒல்காவின் நெஞ்சில் சாய்ந்து, என்னைத் துரத்திவிடாதே அம்மா, நான் எங்கே போவேன் என்று கெஞ்சுகிறாள். சற்று நேரத்தில் அந்திரேயின் மனைவி நடாஷா வருகிறாள். ஆயா கதிரையில் இருப்பதைக் கண்டதும், என் முன்னால் இருக்க உனக்கு என்ன துணிவு, எழும்பு என்று கத்துகிறாள். வேலை செய்ய முடியாதவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் முடிவு.

கடைசி அங்கத்தில் இரீனாவை மணக்கவிருந்தவன் துப்பாக்கிச் சண்டையில் இறக்கிறான். அவள் தனியாகவே படிப்பிக்கப் போகத் தீர்மானிக்கிறாள். ஒல்கா விருப்பமில்லாமலே பாடசாலை அதிபராகிறாள். இனி மொஸ்கோ இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதவியோடு அரசாங்க விடுதி ஒன்று கிடைக்கிறது. அங்கே அவள் அன்பீசாவையும் கூட்டிப் போய்விடுகிறாள்.

கிழவி வந்து இரீனாவிடம் தன் புதினத்தைச் சொல்கிறாள். பெரிய வீடாம். தனக்கென்று ஓர் அறையாம், ஒரு கட்டிலாம், எல்லாம் அரசாங்கத்து உடைமையாம். இரவில் விழிப்பு வரும்போது, தன்னைவிடச் சந்தோஷமான மனிசி வேறு எவரும் இல்லை என்று நினைத்துக்கொள்வாளாம்.